ஏழாம் எண் மண்டையோடு

காலை பத்து நாற்பது. சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு செய்தித் துணுக்கு. ஒற்றைப் பத்தி, நான்கு அங்குல உயரம். தாள் டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. தலைப்பு, 'சிதம்பரத்தில் வாள்பல் புலி'. அதன் கீழே 'நமது நிருபர்' என்று மட்டும் இருந்தது.

அந்த நமது நிருபர் நான். பக்கத்தில் நின்ற நண்பனுக்கு அது தெரியாது.

அவன் துணுக்கைக் கவனிக்கவில்லை. நேராகக் கண்ணாடி அலமாரிக்குப் போனான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து உள்ளே இருந்த மண்டையோட்டைப் பார்த்தான். பிளாஸ்டர் வார்ப்பு. நாங்கள் படித்த காலத்தில் பழைய சுண்ணாம்புச் சுவரின் நிறத்தில் இருந்தது. நடுவில் யாரோ எனாமல் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். மேல்தாடையிலிருந்து இறங்கும் இரண்டு நீண்ட கோரைப்பற்களில் இடது பக்கத்துப் பல்லின் நுனி அப்போதே உடைந்திருந்தது. இப்போதும் அப்படியே இருந்தது.

“அப்படியேதான் இருக்கான்,” என்றான்.

அலமாரிக்குள் இருந்த லேபிளைப் படித்தேன். 'ஸ்மைலோடான் – வாள்பல் புலி'. எங்கள் காலத்தில் இந்திய மையால் கையெழுத்தில் இருந்தது. இப்போது கம்ப்யூட்டர் அச்சு.

நாங்கள் வந்தது அந்தப் பெயருக்காக. அவனுடைய மகள் இதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்த வாரம் வியாழக்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. அதில் ஸ்பாட்டர் என்று ஒரு பகுதி உண்டு. நீண்ட மேசையில் பாட்டில்களும் எலும்புகளும் பாடம் செய்த உயிரினங்களும் வரிசையாக இருக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம். அது என்ன என்று எழுதி, காரணம் இரண்டு எழுதவேண்டும். மணி அடித்தால் அடுத்த எண்ணுக்கு நகரவேண்டும். இந்த மண்டையோடு வருடா வருடம் மேசைக்கு வரும். ஸ்மைலோடான் என்று எழுதினால் முழு மதிப்பெண்.

அது ஸ்மைலோடான் இல்லை. நண்பனுக்கு அது தெரியும். அவன் சொல்லி மகளுக்கும் தெரியும். தெரிந்ததைத்தான் எழுதுவேன் என்று அவள் நிற்கிறாள். அப்படி எழுதி அவளுடைய வாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கூட இருந்து பார்த்தவன் நான்.

“லேபிள மாத்தச் சொல்லிக் கேப்போம் மச்சான். நீ பேப்பர்ல இருந்தவன், நாலு வார்த்த நல்லாப் பேசுவே,” என்று போனில் கூப்பிட்டிருந்தான். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வருகிறேன் என்றேன்.

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். கல்லூரிக்குத் தினமும் பாசஞ்சர் ரயில். துறைமுகம் சந்திப்பில் நான் ஏறுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பரங்கிப்பேட்டையில் அவன் ஏறுவான். பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் நிற்பான். மழை பெய்தாலும் அங்கேதான். ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் ரெக்கார்டு நோட்டு. வண்டி நிற்பதற்கு முன்பே டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டுவிடுவான். இடியாப்பமும் முந்தின நாள் மீன்குழம்பும் இருக்கும். கிள்ளை வருவதற்குள் தின்று முடிப்போம். மதியத்துக்குச் சிதம்பரம் மேல வீதியில் ஒரு கடையில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். மூன்று வருடம் இதுதான்.

அன்றைக்கு மீட்டர் கேஜ் பாதை. பெட்டி பக்கவாட்டில் ஆடும். மீன் கூடை ஏற்றிய பெண்கள் கதவோரம் உட்கார்ந்து எங்களைக் கேலி செய்துகொண்டு வருவார்கள். ஃபார்மலின் வாசனை எங்கள் சட்டையிலிருந்து போகாது. “எங்க மீன் நாத்தத்த விட ஓங்க படிப்பு நாத்தம் ஜாஸ்தியா இருக்கே தம்பி,” என்பாள் ஒரு அம்மா. அவளிடம் பதில் சொல்லி ஜெயித்தவன் கிடையாது.

ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆய்வகத்தில் பார்த்த ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். பார்த்து வரையவேண்டும் என்பது விதி. யாரும் பார்த்து வரைந்ததில்லை. முந்தின வருடத்து மாணவனின் நோட்டை வாங்கி அதன் மேல் வெள்ளைத்தாளை வைத்து வெளிச்சத்தில் பிடித்து அப்படியே இழுத்துவிடுவோம். விடுதி மாணவர்கள் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே கண்ணாடி வைத்து, அடியில் விளக்கு வைத்துச் செய்தார்கள். ரயிலில் வரும் எங்களுக்கு ஜன்னலின் கண்ணாடிக் கதவு போதும். கிழக்கு வெயில் நேராக அடிக்கும். நான் தாள்களை அழுத்திப் பிடிக்க அவன் வரைவான். அவன் பிடிக்க நான் வரைவேன்.

வாள்பல் புலியின் மண்டையோட்டை வரைந்தது நான். மூக்கெலும்பின் கோடு பாதி வந்தபோது வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கோடு ஒரு கொப்புளம் போல எழும்பி இறங்கியது. ரப்பர் இல்லை. விட்டுவிட்டேன். ஆசிரியர் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் என் நோட்டை ஒரு ஜூனியர் வாங்கிக்கொண்டு போனான்.

எல்லோரும் வரைந்துகொண்டிருந்த அந்தப் படம் எங்கள் அருங்காட்சியகத்து மண்டையோட்டின் படமே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவன் நண்பன். அவனுக்கு ஒரு பழக்கம். காலை இடைவேளையில் நாங்கள் கேன்டீனில் டீ குடிக்கும்போது அவன் அலமாரி முன்னால் நிற்பான். ஒரு நாள் ரெக்கார்டு நோட்டைத் திறந்து கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

“தாடையப் பாரு.”

பார்த்தேன். மண்டையோட்டின் கீழ்த்தாடையில், முகவாய் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் எலும்பு பட்டையாகக் கீழே இறங்கியிருந்தது. வாயை மூடினால் நீண்ட பல் அந்தப் பட்டையின் ஓரமாகப் படியும். கத்திக்கு உறை போல. எங்கள் நோட்டில் இருந்த படத்தில் உறை கிடையாது. நேரான தாடை.

“உடைஞ்சிருக்கும்,” என்றேன்.

“உடைஞ்சா கொறையும் மச்சான், கூடுமா? நீளத்தப் பாரு. ஒரு சாண் கூட இல்ல. ஸ்மைலோடான் மண்ட இதப் போல ரெண்டு பங்கு இருக்கும்.”

நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். புதைபடிவ விலங்குகளைப் பற்றியது. அதில் இருந்த படம் அலமாரியில் இருந்ததோடு ஒத்துப்போனது. பெயர் ஹோப்லோஃபோனியஸ். கிரேக்கச் சொல். ஆயுதம் தரித்த கொலைகாரன் என்று பொருள் போட்டிருந்தது.

“ஒரு சாண் இருந்துக்கிட்டு இவ்ளோ பெரிய பேரா,” என்றேன்.

“எங்க பெரிய மாமா கூட அஞ்சடிதான். ஊரே நடுங்கும்.”

அது புலியும் இல்லை, பூனையும் இல்லை. மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வட அமெரிக்காவில் வாழ்ந்த விலங்கு. பூனையைப் போன்ற உடல், பூனையைப் போன்ற நகம், ஏறக்குறைய ஒரு சிறுத்தையின் அளவு. காதெலும்பின் உள்ளமைப்பு வேறு. அதனால் அதைப் பூனைக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஸ்மைலோடான் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்தது. அது பூனைக் குடும்பம். இரண்டுக்கும் பல் ஒரே மாதிரி நீண்டது, தனித்தனியாக. முன்னது தன் பின்னால் யாரையும் விட்டுச் செல்லாமல் அழிந்தது. இவ்வளவையும் அவன் கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே சொல்லி முடித்தான். மீன்காரம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அது என்னதான்?” என்றாள்.

“பூனை மாதிரி,” என்றான்.

“மாதிரின்னா எங்கூட்டுக்காரரும் ஆம்பள மாதிரிதான்,” என்றாள் அவள். பெட்டி முழுக்கச் சிரித்தது.

நான் நம்பினேன். அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தையும் பார்த்தேன், தாடையையும் பார்த்தேன். எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

செய்முறைத் தேர்வில் அது ஏழாம் எண்ணாக வந்தது. வரிசையில் அவன் எனக்கு முன்னால். மணி அடித்தது. நான் ஆறாம் எண்ணில் ஒரு நட்சத்திர மீனை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவன் ஏழாம் எண்ணிலிருந்து நகரவில்லை. காரணம் இரண்டு கேட்டிருந்த இடத்தில் ஐந்தாவது காரணம் எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் வரிசை நின்றது. இரண்டாவது மணியும் அடித்தது. ஆய்வக உதவியாளர் தோளைத் தொட்டு நகர்த்தினார். எட்டும் ஒன்பதும் அவனுக்குப் போயிற்று.

நான் ஏழுக்கு வந்தேன். ஸ்மைலோடான் என்று எழுதினேன். நீண்ட கோரைப்பற்கள், பூனைக் குடும்பம் என்று காரணம் எழுதினேன். நேரம் மிச்சம் இருந்தது. தாடையைப் பார்த்தேன். எழுதியதை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவனுடைய விடைத்தாளைப் பார்த்து விசாரித்திருக்கிறார். லேபிள் தப்பு என்று சொல்லியிருக்கிறான். அவர் அதைத் திமிராக எடுத்துக்கொண்டார். அந்தத் தாளில் இரண்டு மதிப்பெண்ணில் தேறவில்லை.

எங்கள் பேராசிரியரிடம் போய்க் கேட்போம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவர் மோசமானவர் இல்லை. அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீயும் இவன்கூடதான வர்றே. நீ என்னப்பா எழுதுனே?”

“ஸ்மைலோடான் சார்.”

“பாத்தியா,” என்றார் அவனிடம்.

இவன் சொல்வதுதான் சரி சார், எனக்கும் தெரியும், மதிப்பெண்ணுக்காக அப்படி எழுதினேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் பேப்பர் வெயிட்டாக ஒரு சங்கு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் ரயிலில் அவன் என்னைக் குறை சொல்லவில்லை. வேர்க்கடலை வாங்கி, பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். “ஒனக்கு ரெண்டு மார்க்கு, எனக்கு ஷார்ஜா,” என்றான்.

அவனுடைய மாமா ஒரு விசா வைத்துக்கொண்டு காத்திருந்தார். பட்டம் வாங்கினால் கடல் உயிரியல் மேற்படிப்பு, இல்லாவிட்டால் விசா என்பது வீட்டில் பேசி வைத்திருந்தது. அடுத்த வருடம் திரும்ப எழுதலாம்தான். விசா அடுத்த வருடம் வரை காத்திருக்காது. ஆடிக்கு முன்பே போய்விட்டான். போகும்போது தன்னுடைய டிசெக்‌ஷன் பெட்டியை என்னிடம் கொடுத்தான். அதிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை நான் பத்திரிகை அலுவலகத்தில் செய்தி வெட்டி ஒட்டுவதற்குப் பல வருடம் பயன்படுத்தினேன். நல்ல எஃகு. முனை மழுங்கவே இல்லை.

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மீன் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தான். லீவில் வரும்போதெல்லாம் முதுநகர் வந்து என்னைப் பார்ப்பான். ஒரு தடவை கூட ஏழாம் எண்ணைப் பற்றிப் பேசியதில்லை. அங்கே ஐஸ் மேல் கிடக்கும் ஒவ்வொரு மீனின் விலங்கியல் பெயரையும் உடன் வேலை செய்யும் மலையாளிகளுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிச் சிரிப்பான். இப்போது ஊரோடு வந்துவிட்டான். பரங்கிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

அவன் போன சில வருடங்களில் நான் கடலூரில் நிருபர். மாவட்டப் பக்கத்தில் கீழ் மூலையில் இடம் காலியாக இருந்தால் எதையாவது நிரப்பவேண்டும். ஒரு நாள் சிதம்பரத்தில் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. அனுப்புவதற்குச் செய்தி இல்லை. மணி நான்கு. ஆறு மணிக்குள் ஃபேக்ஸ் போயாக வேண்டும். பழைய கல்லூரிக்கு நடந்து போய் அந்த அலமாரியைப் பார்த்தேன். லேபிளில் இருந்ததை எழுதிக்கொண்டேன். நான்கு அங்குலத்துக்குள் 'பூனையைப் போன்ற, ஆனால் பூனை அல்லாத' என்று விளக்க இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது. ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதினால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். கேட்பதற்கு ஆள் ஷார்ஜாவில் இருந்தான். ஆனாலும் வரும். ஸ்மைலோடான் என்று எழுதி அனுப்பினேன். தலைப்பில் புலியை ஏற்றியது, செய்தியைச் செப்பனிடும் அலுவலகத்து டெஸ்க்.

அந்தத் துணுக்கைத்தான் துறையில் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மாட்டியது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போகவில்லை.

பத்தே முக்காலுக்குத் துறைத் தலைவர் வந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். கூடவே நண்பனின் மகளும் வந்தாள். கையில் ரெக்கார்டு நோட்டு.

“மாமா, இதப் பாருங்க,” என்று பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

வாள்பல் புலியின் மண்டையோடு. நேரான தாடை. மூக்கெலும்பின் நடுவில் ஒரு கொப்புளம் எழும்பி இறங்கியிருந்தது. அதற்கு அம்புக்குறி போட்டு 'நாசி மேடு' என்று பாகம் குறித்திருந்தது.

நண்பன் எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“வெள்ளாறு,” என்றான்.

“என்ன வாப்பா?”

“ஒண்ணுமில்ல. நீயும் இதத்தான் வரைஞ்சிருக்கியா?”

“ரெக்கார்டு வேற, பரீட்ச வேற வாப்பா. மாதிரி நோட்டுல இருக்கறத வரைஞ்சாதான் கையெழுத்துப் போடுவாங்க.”

“மண்டையோட்டுல மேடு இல்லயேன்னு பசங்கள ஒரு தடவ கேட்டேன் சார்,” என்றார் துறைத் தலைவர். “தொட்டுத் தொட்டுத் தேஞ்சு போச்சு மேடம்ங்கறாங்க.”

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே நண்பன் போனை எடுத்துப் படங்களைக் காட்டத் தொடங்கினான். தாடையின் உறை, மண்டையின் நீளம், பல்லின் தட்டை வடிவம். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளருக்கு மீனின் செவுளைத் திறந்து காட்டுபவனின் பொறுமை. துறைத் தலைவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். அலமாரியைத் திறக்கச் சொல்லி மண்டையோட்டை வெளியே எடுத்து அளந்தார்.

“நீங்க சொல்றது சரியா இருக்கும் போலத்தான் தெரியுது,” என்றார். “எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. ஆனா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஸ்மைலோடான்னு இருக்கு. நான் இங்க வந்தப்போ ரிஜிஸ்டரச் சரி பாத்தாங்க. அப்ப இந்தப் பேப்பர் கட்டிங்க வச்சுத்தான் பேர உறுதி பண்ணுனாங்க. வெளியில ஒருத்தர் வந்து பாத்து, நாலு பேர விசாரிச்சுத்தான எழுதியிருப்பாங்க? எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி, அத நான் எப்படி இல்லன்னு சொல்றது?”

நண்பன் அப்போதுதான் சுவரைப் பார்த்தான். துணுக்கை நோக்கி நடந்தான்.

“நாலு பேர விசாரிக்கல மேடம்,” என்றேன். “ஒருத்தரையும் விசாரிக்கல. லேபிளப் பாத்து எழுதுனது.”

“ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“எழுதுனது நான்.”

மகள் தன் வாப்பாவைப் பார்த்தாள். நான் மிச்சத்தையும் சொன்னேன். எழுதும்போதே அது தப்பு என்று எனக்குத் தெரியும், இவன் சொல்லித் தெரியும். பரீட்சையிலும் தெரிந்தேதான் ஸ்மைலோடான் என்று எழுதினேன். பேராசிரியர் அறையில் கேட்டபோதும் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

நண்பன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணுக்கைப் படித்துக்கொண்டிருந்தான். நான்கு அங்குலத்தைப் படிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே மச்சான்,” என்றான், திரும்பாமல். “ஒரே ஒரு தப்புதான்.”

“ரூம்ல அன்னைக்கி...” என்று தொடங்கினேன்.

“அது தெரியும்,” என்றான். “நீ புத்தகத்தப் பாத்தப்ப ஒன் மூஞ்சிய நான் பாத்தேன்ல. நம்புனவன் மூஞ்சி தெரியாதா. இதுதான் தெரியாது.” துணுக்கின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

துறைத் தலைவர்தான் வேலையைப் பார்த்தார். “அப்படீன்னா எழுதிக் குடுங்க சார். இந்தச் செய்திக்கு ஆதாரம் எங்க லேபிள், எங்க லேபிளுக்கு ஆதாரம் இந்தச் செய்தி. ஒங்க கடிதம் இருந்தா ரெண்டையும் கழட்டிப்புடலாம்.”

அவர் கொடுத்த கோடு போட்ட தாளில் எழுதினேன். மூன்று வரி. இத்துடன் உள்ள செய்தியை எழுதியவன் நான். அதில் உள்ள விலங்கின் பெயர் தவறு என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். சரியான பெயரைக் கண்டறிந்தவர் இத்துறையின் பழைய மாணவர், என்னுடன் படித்தவர். பெயரும் ஊரும் குறித்தேன்.

நண்பன் தோளுக்கு மேலாகப் படித்தான். “ரெண்டாவது வரி வேணாம். அவசியமில்ல.”

“இருக்கட்டும்.”

“நீளமா இருக்கு.”

“இடம் இருக்கு,” என்றேன்.

ஆய்வக உதவியாளர் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து சட்டத்தை இறக்கினார். சுவரில் அந்த அளவுக்கு வெளிர் நிறத்தில் ஒரு கட்டம் தெரிந்தது. லேபிளைப் பற்றித் துறைத் தலைவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. துறைக் கூட்டத்தில் வைக்கவேண்டும், ரிஜிஸ்டரில் திருத்தம் போடவேண்டும், வியாழக்கிழமைக்குள் நடக்குமா தெரியாது என்றார். மண்டையோட்டை மேசையில் வைக்காமல் விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். ஸ்பாட்டர் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது, மாற்ற முடியாது என்றார்.

வெளியே வந்ததும் நண்பன் மகளிடம், “நீ என்ன எழுதப்போறே?” என்று கேட்டான்.

“இப்பவும் கேக்குறீங்க பாருங்க வாப்பா.”

“மார்க்கு போச்சுன்னா?”

“போவட்டும். ஷார்ஜாவுல ஒங்க பழைய எடம் காலியாத்தான இருக்கும்.”

அவன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

மேல வீதியில் பழைய கடை இல்லை. அந்த இடத்தில் மொபைல் கடை. இரண்டு கடை தள்ளி ஓர் ஓட்டலில் கொத்சு கிடைத்தது. கத்திரிக்காய் கம்மியாகவும் புளி ஜாஸ்தியாகவும் இருந்தது. மதிய ரயிலில் திரும்பினோம். இப்போது அகலப்பாதை. கூடைக்காரப் பெண்கள் இல்லை. அந்த நேரத்துக்கு அவர்கள் வரமாட்டார்களா, வருவதே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தது. நண்பன் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து ஒரு கோடு இழுத்தான். வண்டி ஆடவில்லை. கோடு நேராகப் போயிற்று.

“இப்ப வரைஞ்சிருந்தா மேடு விழுந்திருக்காது,” என்றான்.

“அப்ப ரப்பர் இருந்திருந்தாலும் விழுந்திருக்காது.”

“ரப்பர் இருந்துச்சு மச்சான். என் பாக்ஸ்ல இருந்துச்சு. நீ கேக்கல.”

பரங்கிப்பேட்டையில் இறங்கினான். வேப்பமரம் இருந்த இடத்தில் இப்போது தகரக் கூரை. அதன் நிழலில் நின்று, வண்டி கிளம்பும்வரை கை காட்டிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மாலை நான்கு ஐந்துக்கு அவன் போன் செய்தான். மண்டையோடு மேசைக்கு வந்திருந்தது, அதே ஏழாம் எண்ணாக. மகள் ஹோப்லோஃபோனியஸ் என்று எழுதி, தாடையின் உறையையும் மண்டையின் நீளத்தையும் காரணமாகக் குறித்திருந்தாள். மணி அடித்ததும் நகர்ந்துவிட்டாள். எட்டையும் ஒன்பதையும் எழுதினாள். வகுப்பில் மற்ற எல்லோரும் ஸ்மைலோடான் என்று எழுதியிருந்தார்கள். துறைத் தலைவர் என் கடிதத்தைத் தேர்வாளரிடம் காட்டினாராம். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் பேசினார்களாம்.

அன்று ஏழாம் எண்ணுக்கு இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் போடப்பட்டது.